மெஷினில் வெளுக்கிற பையன் பவுலரிடம் ஏன் பிந்துகிறான்?

கிரீஸ்_ஓரம்

14 வயதுக்கு உட்பட்டோர் அணி, ஆறு பேட்டர்கள். பவுலிங் மெஷினை 105 கி.மீ. வேகத்தில் வைத்தால் ஆறு பேருக்கும் பந்து பேட்டின் நடுவில் படுகிறது. இதே பையன்கள் மேட்சில் 95 கி.மீ. போடுகிற பவுலரிடம் பிந்திவிடுகிறார்கள். அவுட் ஆகிற விதமும் ஒரே மாதிரி: முன்கால் பாதி தூரம் போய் நட்டுக்கொள்கிறது, பேட் அதைச் சுற்றிக்கொண்டு வருகிறது, எல்பிடபிள்யூ அல்லது போல்டு. தள்ளியே குத்தி எழும்பும் ஷார்ட் பந்து என்றால் முன்காலிலேயே நின்று மாட்டிக்கொள்கிறார்கள்.

ரிஃப்ளெக்ஸ் போதவில்லை என்று நினைத்து இரண்டு மாதமாகத் தினமும் 15 நிமிடம் விளக்கு எரிந்ததும் தட்டும் பயிற்சி, கையிலிருந்து நழுவும் டென்னிஸ் பந்தைப் பிடிக்கும் பயிற்சி. தட்டுகிற வேகம் எல்லோருக்கும் கூடியிருக்கிறது. பேட்டிங்கில் மாற்றம் இல்லை.

என்ன விட்டுப்போகிறது? பந்து வரும்போது "கால்!" என்று குரல் கொடுப்பது உதவுமா? மெஷினை நிறுத்திவிடலாமா?

---

ஆஃப்_ஸ்டம்ப்_ஜன்னல்

கோச், நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது. "முன்கால் பாதி தூரம் போய் நட்டுக்கொள்கிறது" என்கிறீர்கள். அப்படியென்றால் கால் பிந்தவில்லை, முந்துகிறது. லென்த், அதாவது பந்து எவ்வளவு தூரத்தில் குத்தும் என்பது, தெரிவதற்கு முன்பே கிளம்பிவிடுகிறது. பேட் பிந்துவது அதன் விளைவு.

கணக்கைப் பாருங்கள். பிட்ச் 20.12 மீட்டர். பவுலர் தன் கிரீஸில் விடுகிறார், பேட்டர் தன் கிரீஸில் நிற்கிறார், பந்து கடப்பது ஏறக்குறைய 17.7 மீட்டர். 95 கி.மீ. பந்துக்கு அது 0.67 வினாடி, 105-க்கு 0.61, 140-க்கு 0.46. காற்றிலும் தரையில் குத்தும்போதும் வேகம் குறைவதால் உண்மையில் இன்னும் சற்றுக் கூடுதலாகவே கிடைக்கும். கண்ணில் பட்ட ஒன்றுக்கு உடல் அசையத் தொடங்க 0.2 வினாடி பிடிக்கும். இந்த எண்ணில் சர்வதேச பேட்டருக்கும் தெருவில் ஆடுகிறவருக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. காலும் பேட்டும் ஷாட்டை முடிக்க இன்னொரு 0.3 வினாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 95 கி.மீ. பந்தில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. 140-இல் ஒன்றும் மிஞ்சாது. ஆனாலும் 140-ஐ ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். பந்து கையை விட்டு வந்தபின் அவர்கள் வேகமாகச் செயல்படுவதால் அல்ல, அதற்கு முன்பே பாதி விஷயத்தைத் தெரிந்துகொள்வதால்.

இதற்கு 1987-இல் உளவியலாளர் பீட்டர் மெக்லியோட் செய்த சோதனை நல்ல சான்று. மேட்டிங்குக்கு அடியில் மரக்குச்சிகளைப் பதித்து, குத்தியபின் பந்து எந்தப் பக்கம் விலகும் என்று சொல்லவே முடியாதபடி செய்தார். ஆடியவர்கள் சர்வதேச பேட்டர்கள். விலகியதிலிருந்து ஏறக்குறைய 0.19 வினாடிக்குள் அவர்களாலும் பேட்டைத் திருத்த முடியவில்லை. துப்பு எதுவும் இல்லாவிட்டால் பெரிய ஆட்டக்காரரும் நம்மைப் போலத்தான்.

விளக்கு தட்டுவது ஏன் பேட்டிங்குக்கு வரவில்லை என்பதும் இதிலேயே இருக்கிறது. பையன் கற்றுக்கொண்டது விளக்கு எரிந்தால் தட்டுவதை. பவுலரின் மணிக்கட்டுக்கும் அந்த விளக்குக்கும் சம்பந்தமே இல்லை.

பந்து வெளிவரும் முன் என்னென்ன தெரியும்? ரன்-அப்பின் கோணமும் வேகமும், பவுலர் ஸ்டம்புக்கு ஒட்டிப் போகிறாரா கிரீஸின் விளிம்புக்கு விலகுகிறாரா என்பதும் திசைக்குத் துப்பு. பந்துபோடும் கையும் மணிக்கட்டும் ஸ்விங்குக்கும் மாறுபந்துக்கும் துப்பு: கட்டர் என்றால் விரல்கள் பந்தின் பக்கவாட்டில் உருளும், புறங்கையில் விடுகிற ஸ்லோ பந்து என்றால் விரல் முட்டிகள் பேட்டர் பக்கம் திரும்பும். லென்த்துக்கு, பந்து கையை விடும் கணம்: பேட்டருக்கு அருகே குத்தும் ஃபுல் பந்து சற்று முன்னதாக, மேல்நோக்கிக் கிளம்பும்; ஷார்ட் பந்து தாமதமாக, கீழ்நோக்கி இறங்கும். மெஷினில் இவை எதுவுமே இல்லை. ஓட்டையிலிருந்து பந்து வருகிறது, அதுவும் ஒரே லென்த்தில். அங்கே பையன் படிப்பது மெஷினுக்குள் பந்து போடுகிறவரின் கை எப்போது கீழே இறங்குகிறது என்பதை மட்டும்தான். லென்த் முன்பே தெரிந்ததால் கால் யோசிக்காமல் போய்ப் பழகிவிட்டது. மேட்சிலும் யோசிக்காமலே போகிறது.

கண் எங்கே இருக்க வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லிக்கொடுங்கள். ரன்-அப் முழுக்கப் பந்தையே வெறித்துப் பார்ப்பது தப்பு. பத்து ஓவரில் கண்ணும் மனசும் களைத்துவிடும். ஓடிவரும்போது பவுலரின் உடல் முழுவதையும் அகலமாகப் பார்த்தால் போதும். கடைசி இரண்டு எட்டில் பார்வையைப் பவுலரின் காதுக்கு மேலே, பந்து வெளிவரப்போகிற இடத்துக்கு மாற்ற வேண்டும். அங்கே ஒரு ஜன்னல் இருப்பதாக நினைத்துக்கொண்டு, கை அங்கு வந்து சேருவதற்கு முன்பே பார்வை அங்கு நிற்க வேண்டும். கையைத் துரத்திக்கொண்டு கண் சுற்றினால் வெளிவரும் கணம் மங்கலாகிவிடும்.

பயிற்சி: போனில் வினாடிக்கு 60 ஃபிரேம் வைத்து, நெட்டுக்குப் பின்னால், ஸ்டம்புக்கு நேர் பின்னே, பையனின் கண் உயரத்தில் படம் எடுங்கள். அம்பயர் பக்கத்திலிருந்து எடுத்த படம் இதற்கு உதவாது. பேட்டருக்குத் தெரியாத துப்பையெல்லாம் அது சொல்லிக்கொடுக்கும். ஃபுல், குட் லென்த், ஷார்ட், ஸ்லோ என நான்கு வகை, வகைக்கு ஆறு, மொத்தம் 24 துண்டு. ஒவ்வொன்றையும் மூன்று விதமாக வெட்டுங்கள்: பந்து கையை விடுவதற்கு 5 ஃபிரேம் முன்பு, விடும் ஃபிரேமில், விட்டு 5 ஃபிரேம் கழித்து. 5 ஃபிரேம் என்பது 0.08 வினாடி. படம் நின்றதும் வாயால் வகையைச் சொன்னால் மட்டும் போதாது, கூடவே பேட்டோடு காலையும் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். பிறகு முழுப் படத்தையும் காட்டுங்கள். குருட்டாம்போக்கில் அடித்தாலே நான்கில் ஒன்று சரியாக வரும், ஆகவே 24-க்கு 6 என்பது பூஜ்யம். முதலில் மூன்றாவது வெட்டு, அது 18-ஐத் தாண்டியபின் இரண்டாவது, கடைசியாக முதலாவது. வரிசையைத் தினமும் கலைத்துப்போடுங்கள், இல்லாவிட்டால் மூன்றாம் நாள் மனப்பாடமாகச் சொல்வார்கள். வாரத்துக்கு ஒரு பவுலராவது மாற வேண்டும். ஒருவரின் படத்தை மட்டும் வைத்துப் பழகினால் அந்த ஒருவரைத்தான் படிப்பார்கள்.

---

பேக்கோர்ட்_பேட்மின்டன்

நான் பேட்மின்டன் பக்கம். ஆனால் பாதி வழியில் கால் மாட்டிக்கொள்வது எங்கள் கோர்ட்டிலும் அப்படியே நடக்கும், காரணமும் ஒன்றுதான்.

மூளை ஒரு முடிவை அனுப்பிவிட்டால் அது முடியும்வரை அடுத்த முடிவு வரிசையில் காத்திருக்கும். வலைக்கு அருகே ட்ராப் போடுவதுபோல ராக்கெட்டை நீட்டிவிட்டுக் கடைசி நொடியில் பின்கோட்டுக்குத் தட்டிவிடுகிறோமே, அது இந்தக் காத்திருப்பைப் பயன்படுத்துவதுதான். முதல் அசைவுக்கும் இரண்டாவதற்கும் நடுவே 0.06 முதல் 0.1 வினாடி இடைவெளி இருந்தால் எதிராளி நன்றாக உறைந்துபோவார். அதைவிடச் சீக்கிரம் மாற்றினால் இரண்டையும் ஒரே அசைவாக எடுத்துக்கொள்வார், ஏமாறமாட்டார். மிகத் தாமதமானால் முதல் பதிலை முடித்துவிட்டு இரண்டாவதற்குத் தயாராகிவிடுவார்.

உங்கள் பையனைப் பவுலர் ஏமாற்றவே வேண்டியதில்லை. முன்கால் என்ற முதல் முடிவைத் தானே அனுப்பிவிடுகிறான். ஷார்ட் என்று கண் சொல்லும்போது அந்தச் செய்தி வரிசையில் நிற்கிறது. அதனால்தான் காலும் போகவில்லை, திரும்பவும் இல்லை.

இன்னொன்று, தேர்வுகளின் எண்ணிக்கை. 1885-இல் மெர்கெல் அளந்தபோது ஒரே ஒரு சைகைக்குப் பதில் சொல்ல ஏறக்குறைய 0.19 வினாடி, இரண்டில் ஒன்றைத் தேர்ந்து சொல்ல 0.3, பத்தில் ஒன்று என்றால் 0.6-ஐத் தாண்டியது. 1952-இல் ஹிக் இதை விதியாகவே எழுதினார்: தேர்வுகள் இரட்டிக்கும் ஒவ்வொரு தடவையும் நேரம் ஏறக்குறைய ஒரே அளவு கூடும். கிரிக்கெட்டில் இதற்கு அஜந்தா மெண்டிஸைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியாது. 2008 ஆசியக் கோப்பை இறுதிப்போட்டியில், கராச்சியில், இந்தியாவுக்கு எதிராக 13 ரன்னுக்கு 6 விக்கெட். ஆஃப் பிரேக், கூக்லி, நடுவிரலால் சொடுக்கிவிடுகிற பந்து என்று எது வேண்டுமானாலும் வரலாம், எது வருகிறது என்று கையில் படிக்கவும் தெரியாது. நம் டென்னிஸ் பந்து கிரிக்கெட்டில் சொடுக்கு பால் என்கிறோமே, அதே விரல்தான். பிற்பாடு வீடியோ பார்த்து விரலைப் படிக்கத் தொடங்கியதும் அவர் பந்து அதே பந்தாகத்தான் இருந்தது, எதிரே நின்றவரின் சந்தேகம்தான் குறைந்தது.

ஆகவே பையனுக்குத் தேர்வுகளைக் குறைத்துக்கொடுங்கள். பவுலர் ஓடிவரத் தொடங்கும் முன் ஃபீல்டைப் பார்த்து ஒரே கேள்வி: இந்த ஃபீல்டுக்கு இவர் எதைப் போட முடியாது? ஃபைன் லெக்கும் டீப் ஸ்கொயர் லெக்கும் காலியாக இருந்தால் பவுன்சர் வருவது அபூர்வம். எதிர்பார்ப்பு தப்பினால் அபராதம் உண்டு, எதிர்பார்க்காமல் நின்றதைவிட இன்னும் பிந்துவான். அதனால் எதிர்பார்ப்பு மனதில் இருக்கட்டும், காலுக்கு இறங்கக்கூடாது.

---

லெக்பிரேக்_லேப்

மெஷினை மொத்தமாகக் குற்றம் சொல்வதை ஏற்க முடியவில்லை. 2000-இல் லேண்ட், மெக்லியோட் இருவரும் பேட்டர்களின் கண்ணைப் படம் பிடித்தார்களே, அதையே மெஷினை வைத்துத்தான் செய்தார்கள், 90 கி.மீ. வேகத்தில். கண் பந்தை முழுத் தூரமும் தொடரவில்லை. வெளிவரும்போது கொஞ்சம் பார்க்கிறது, பிறகு பந்தை விட்டுவிட்டு, அது குத்தப்போகிற இடத்துக்கு முன்னதாகவே தாவி நிற்கிறது, குத்தியபின் மறுபடி கொஞ்சம் தொடர்கிறது. நன்றாக ஆடுகிறவருக்கு அந்தத் தாவல் சீக்கிரம் வந்தது. லென்த் மாறிக்கொண்டே இருந்தால் மெஷினிலும் இந்தத் தாவலைப் பழக்கலாம். "பந்தைப் பேட்வரை பார்" என்று காலங்காலமாகச் சொல்கிறோம். யாராலும் அப்படி இடைவிடாமல் பார்க்க முடியாது என்பதும் இதிலிருந்து தெரிகிறது.

---

ஆஃப்_ஸ்டம்ப்_ஜன்னல்

ஒப்புக்கொள்கிறேன். குத்திய இடத்திலிருந்து பேட்வரை மெஷின் கற்றுத்தரும். குறை அதற்கு முந்திய பாதியில். ஜூனியர் பேட்டர்களை வைத்து மெஷினையும் பவுலரையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் காலும் பேக்லிஃப்டும் (பேட்டைப் பின்னே தூக்குவது) கிளம்பும் நேரமே இரண்டுக்கும் வேறாக இருந்தது. அதாவது மெஷினில் பழகுவது வேறொரு தாளம். புதிதாக ஒரு ஷாட்டைக் கற்பிக்கும்போது 20, 30 பந்து மெஷினில் ஆடட்டும். ஷாட் கைக்கு வந்தபின் பவுலருக்கோ, அவர் இல்லாவிட்டால் சைட்-ஆர்ம் குச்சிக்கோ (நுனியில் பந்தை வைத்து எறியும் நீளக் கைப்பிடி) மாறுங்கள். குச்சியில் எறிந்தாலும் கையும் தோளும் கண்ணுக்குத் தெரிகிறதே, அது போதும்.

---

கிரீஸ்_ஓரம்

நேற்று பக்கவாட்டில் படம் எடுத்துப் பார்த்தேன். ஆறில் நான்கு பேருக்குப் பந்து கையை விடுவதற்கு முன்பே முன்கால் தரையைவிட்டு எழுந்துவிடுகிறது. நீங்கள் சொன்னதுதான்.

மூன்று பவுலர்கள், ஒரு நெட், 40 நிமிடம் இருக்கிறது. எப்படிப் பிரிப்பது? குரல் கொடுப்பது பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

---

மௌன_நெட்ஸ்

ஒரு எச்சரிக்கை. பந்து வெளிவரும் முன் கால் லேசாகப் பின்னுக்கோ குறுக்கேயோ நகர்வது ட்ரிகர் அசைவு, அது தப்பில்லை. அந்த அசைவு முடிந்து, பவுலர் விடும் கணத்தில் எடை இரண்டு காலிலும் சமமாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். முன்கால் எடையை வாங்கிவிட்டால் அது முடிவு, ட்ரிகர் அல்ல.

"கால்!" விஷயத்துக்கு வருகிறேன். லென்த்தை நீங்கள் கண்டுகொள்ளவே 0.2 வினாடி, அது குரலாக வெளிவர ஏறக்குறைய இன்னொரு 0.2, காதில் விழுந்ததற்குப் பையன் உடல் கிளம்ப 0.15. கூட்டினால் 0.55. பந்து பேட்டை எட்டுவதே 0.67-இல். உங்கள் சொல் உதவும் நேரத்தில் ஷாட் முடியும் கட்டத்தில் இருக்கும். அதற்குள் அவன் கவனத்தில் பாதியை அது பிடுங்கிக்கொண்டிருக்கும், காரணம் கேட்ட சொல்லையும் பார்த்த பந்தையும் ஒரே நேரத்தில் கையாள அந்த வயதில் இடம் போதாது. தயவுசெய்து பந்து பறக்கும்போது வாயைத் திறக்காதீர்கள்.

பந்துக்குப் பந்து திருத்துவதும் அதே அளவு கெடுதல். அந்த நேரத்தில் நன்றாக ஆடுவான். நீங்கள் இல்லாத மேட்சில் தடுமாறுவான், ஏனென்றால் தன் கையும் காலும் சொல்வதைக் கேட்கப் பழகவில்லை. 1990-இல் வின்ஸ்டீன், ஷ்மிட் இருவரும் காட்டியது இது: ஒவ்வொரு முயற்சிக்கும் முடிவைச் சொன்ன குழுவைவிட, பாதிக்கு மட்டும், அதையும் போகப்போகக் குறைத்துச் சொன்ன குழு மறுநாள் நன்றாகச் செய்தது. உங்களுக்கு என் கணக்கு ஓவருக்கு ஒரு பேச்சு. அதையும் கேள்வியாகத் தொடங்குங்கள்: "நாலாவது பந்து என்ன லென்த்? எப்போது தெரிந்தது?" அவன் சொன்னபின் நீங்கள் சொல்லுங்கள். ஒரு தடவைக்கு ஒரே ஒரு விஷயம். அதுவும் உடம்பின் மேல் கவனத்தைத் திருப்பாத சொல்லாக இருக்க வேண்டும். "முழங்கையைத் தூக்கு" என்றால் முழங்கையை நினைத்துக்கொண்டே ஆடி உறைவான். "பந்தைப் பவுலரின் கால்மாட்டுக்கே திருப்பி அனுப்பு" என்றால் முழங்கை தானாக உயரும்.

40 நிமிடத்தில் எட்டு ஓவர், 48 பந்து, அதாவது நாளுக்கு இரண்டு பேட்டர்கள், ஆளுக்கு 24. மூன்று நாளில் ஆறு பேரும் முடிந்துவிடுவார்கள். 24-இல் முதல் 6 பந்தை அடிக்கவே வேண்டாம்: காலை வைத்து, பந்து தரையில் குத்துவதற்கு முன் "முன்" அல்லது "பின்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு விட்டுவிடட்டும். குத்தியபின் சொன்னால் கணக்கில் சேராது. அடுத்த 12 பந்தில் மூன்று பவுலர்களும் மாறி மாறிப் போடட்டும், தொடர்ந்து இரண்டு பந்து ஒருவரே போடக்கூடாது, லென்த்தை நீங்கள் பவுலருக்கு விரலால் காட்டுங்கள், பேட்டர் பார்க்காதபடி. கடைசி 6 பந்துக்கு ஃபீல்டைச் சொல்லி, ரன் இலக்கு கொடுங்கள்.

இப்படிக் கலைத்துப்போட்டால் முதல் இரண்டு, மூன்று வாரம் அடி குறையும். பெரும்பாலானவர்கள் அந்த இடத்தில்தான் பயந்து பழைய முறைக்குத் திரும்புகிறார்கள். திரும்பாதீர்கள். 1994-இல் அமெரிக்கக் கல்லூரி பேஸ்பால் பேட்டர்களுக்கு வாரம் இரு தடவை, ஆறு வாரம், தடவைக்கு 45 கூடுதல் பந்து எறிந்தார்கள், மூன்று வகை, வகைக்கு 15. வகைகளைக் கலந்து ஆடிய குழு ஏறக்குறைய 57% முன்னேறியது, வகைவகையாகப் பிரித்து ஆடிய குழு 25%, கூடுதல் பயிற்சியே இல்லாதவர்கள் 6%. பந்துகளின் எண்ணிக்கை இரு குழுவுக்கும் ஒன்றுதான். கலந்து வரும்போது ஒவ்வொரு பந்துக்கும் படித்து, தேர்ந்து, புதிதாக ஷாட்டை அமைக்க வேண்டியிருக்கிறது. ஒரே வகை வந்தால் முந்திய பந்தின் விடையையே மறுபடி எழுதுகிறான். ஆனால் பேக் ஃபுட் டிஃபென்ஸே இன்னும் தெரியாத பையனுக்குக் கலப்பு வேண்டாம். அவனுக்கு முதலில் அதே பந்து திரும்பத் திரும்ப வரட்டும்.

---

கிரீஸ்_ஓரம்

கடைசியாக ஒன்று. முன்னேற்றத்தை எதை வைத்து அளப்பது? ரன்னை வைத்தா?

---

மௌன_நெட்ஸ்

ரன் வேண்டாம், இந்த வயதில் ரன்னில் அதிர்ஷ்டம் நிறைய. முதல் கால் அசைவு சரியா தப்பா என்று மட்டும் எண்ணுங்கள், 24-க்கு எத்தனை. ஃபுல் பந்துக்கு முன், ஷார்ட்டுக்குப் பின், குட் லென்த்தில் எதுவானாலும் தலை பந்துக்கு மேலே. அதே 60 ஃபிரேம் வேகத்தில் எடுத்த பக்கவாட்டுப் படத்தில், கை விட்ட ஃபிரேமிலிருந்து கால் கிளம்பும் ஃபிரேம்வரை எண்ணினால் 95 கி.மீ. பவுலருக்கு 10 முதல் 16 வரை வருவது நல்லது. பூஜ்யத்துக்குக் கீழே போனால் பழைய வியாதி.

இந்த அளவைப் பயிற்சி முடிந்த கையோடு எடுக்காதீர்கள். நான்கைந்து நாள் இடைவெளி விட்டு, ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல், அதுவரை அவன் ஆடாத பவுலரை வைத்து எடுங்கள். இடதுகைப் பவுலர் ஒருவர் கிடைத்தால் அவரையே போடச் சொல்லுங்கள். ஜன்னல் மறுபக்கம் மாறும்போது கண் அதைத் தேடிப் போகிறதா, பழைய இடத்திலேயே நிற்கிறதா என்று முதல் ஓவரிலேயே தெரிந்துவிடும்.